மிருக வைத்தியத்துக்காக மறுபடி ஏ லெவல் எழுதினேன்

எங்கள் உயர்தரத்தைப் போலப் பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ லெவல் பரீட்சையை வயது வந்தவர்களும் எழுதலாம், பல்கலைக்கழகங்களில் வயது எல்லை கிடையாது என்று இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பாடசாலையில் இல்லாத ஒருவர் அந்தச் சோதனையை எங்கே போய் எழுதுவது, ஆய்வுகூடச் செய்முறையை யார் செய்விப்பார்கள், எவ்வளவு காசு முடியும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2022 இலையுதிர்காலத்தில் தொடங்கியபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. ஹரோவில் வீடு, ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை, முதலாம் வகுப்புப் படிக்கும் மகள், வீட்டுக்கடன். 2025 செப்டெம்பரில் மிருக வைத்தியப் படிப்பின் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். இடையில் போன காசிலும் காலத்திலும் பெரும்பங்கு தேவையில்லாமல் போனது. எங்கள் ஆட்களில் இந்த வழியால் போன ஒருவரைத் தெரிந்திருந்தால் ஒரு மாலைநேரத் தொலைபேசிப் பேச்சில் அதைத் தடுத்திருக்கலாம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏன் இந்த ஆசை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். 1995 ஒக்டோபரில் போரால் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அப்பா மாடுகளின் கயிறுகளை அறுத்து விட்டுவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். எனக்கு ஏழு வயது. சினைப்பட்ட பசுவொன்றும் அவற்றோடு நின்றது. திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. பிறகு கொழும்பு, வர்த்தகப் பிரிவில் உயர்தரம், இங்கே வந்து கணக்கியலில் பட்டம், வேலை, கலியாணம். மகள் பாடசாலை போகத் தொடங்கிய பிறகு சனிக்கிழமைகளில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குத் தொண்டு வேலைக்குப் போனேன். கூடு கழுவுவதும், மருந்து கொடுக்கும்போது பூனையைப் பிடித்துக்கொள்வதும்தான் வேலை. வாரம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். அங்கே வரும் மிருக வைத்தியர் ஒருநாள், "நீங்கள் ஏன் இதைப் படிக்கக்கூடாது?" என்று சாதாரணமாகக் கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "இந்த வயசிலை என்னத்துக்குப் பிள்ளை சோதினை? உன்ரை பிள்ளையைப் படிப்பிக்கிற காலமெல்லே இது" என்றார். சித்தப்பா, "மாட்டு டொக்டராகவோ? மனிச டொக்டரெண்டாலும் பரவாயில்லை" என்றார். கணவர் மட்டும், "எவ்வளவு முடியுமெண்டு முதலிலை கணக்குப் பாரும்" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது.

மிருக வைத்தியத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது மூன்று ஏ லெவல் பாடங்களில் ஏ தரம் அல்லது அதை ஒட்டியது. அதில் இரசாயனவியலும் உயிரியலும் கட்டாயம் என்றே பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. நான் இரண்டையும் சாதாரணதரத்தோடு விட்டவள். இதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கல்லூரியில் சேர்ந்து பகலில் படிப்பது. வேலையை விட்டால்தான் முடியும். மாலைநேர விஞ்ஞான வகுப்பு எங்கள் பக்கத்தில் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டாவது, வயது வந்தவர்களுக்கென்றே இருக்கும் அக்சஸ் டிப்ளோமா. மொத்தம் 60 புள்ளிகள், அதில் 45 தரமிடப்படும். பொதுவாக ஒரு வருடத்தில் முடிக்கலாம். கட்டணத்துக்கு அரசாங்கக் கடன் உண்டு. பிறகு பல்கலைக்கழகப் படிப்பை முடித்தால் அந்த அக்சஸ் கடனின் மிச்சத்தை அழித்துவிடுவார்கள். பட்டம் இல்லாத ஒருவர் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆனால் எல்லா மிருக வைத்தியப் பீடங்களும் அதை ஏற்பதில்லை. ஏற்பவையும் எந்த அக்சஸ், அதில் எந்தெந்த அலகுகள் என்று குறித்துச் சொல்கின்றன. மூன்றாவது வழி, தபால்வழிப் படிப்பாக ஏ லெவல் படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவது. அதிக பீடங்கள் ஏற்கும் என்பதால் நான் இதைத் தெரிந்தெடுத்தேன்.

இந்த இடத்தில் நிற்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: ஒரு பென்னியும் கட்டுமுன் பீடங்களுக்கு மின்னஞ்சல் போடுங்கள். லண்டனில் 1791இல் தொடங்கிய றோயல் வெற்றினரி கொலிஜ், கேம்பிரிட்ஜ், எடின்பரோ, கிளாஸ்கோ, லிவர்பூல், பிரிஸ்டல், நொட்டிங்காம், சரே என்று பழைய இடங்களும், ஹார்ப்பர் அன்ட் கீல், அபெரிஸ்ட்வித் போன்ற புதிய இடங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. இணையத்தளத்தில் இருப்பது பதினெட்டு வயதுப் பிள்ளையை மனதில் வைத்து எழுதியது. உங்கள் கதையை ஐந்து வரியில் எழுதி, இவற்றைக் கேளுங்கள்: தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினால் ஏற்பீர்களா, எல்லாப் பாடங்களும் ஒரே தவணையில் எழுதப்பட வேண்டுமா, ஆய்வுகூடச் செய்முறைச் சான்று கட்டாயமா, மறுபடி எழுதிப் பெற்ற தரத்தை ஏற்பீர்களா, என்னுடைய பட்டம் மூன்றாவது பாடத்துக்கு ஈடாகுமா, இலங்கைச் சாதாரணதரத்தை இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இக்குச் சமமாக எடுப்பீர்களா. எனக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று மாறானவை. சில இடங்கள் என் கணக்கியல் பட்டத்தின் தரம் போதும், இரசாயனவியலும் உயிரியலும் மட்டும் எழுதினால் சரி என்றன. ஓரிடம் மூன்று பாடமும் வேண்டும் என்றது. இன்னோர் இடம் எங்கள் சாதாரணதர ஆங்கிலத்தை ஏற்க மறுத்தது. வெளிநாட்டுத் தகைமைகளை ஒப்பிட்டுக் கடிதம் தரும் இனிக் என்ற அமைப்பிடமிருந்து ஒப்பீட்டுச் சான்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பதில்களை எழுத்தில் வாங்கி ஒரு கோப்பில் போடுங்கள். ஒரு விண்ணப்பத்தில் சிக்கல் வந்தபோது அந்தப் பழைய மின்னஞ்சலைக் காட்டித்தான் நான் தப்பினேன்.

இனி செய்முறைச் சான்று. நான் அதிகம் இழந்தது இதில்தான். 2015இல் ஏ லெவல் விஞ்ஞானப் பாடங்களை மாற்றியமைத்தபோது, ஆய்வுகூடச் செய்முறையை எழுத்துப் பரீட்சையின் புள்ளியிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஏ, பி என்ற தரம் எழுத்துத்தாள்களால் மட்டும் வரும். செய்முறைக்குச் 'சித்தி' அல்லது 'வகைப்படுத்தப்படவில்லை' என்று பெறுபேற்றில் தனியாகப் போடுவார்கள். குறைந்தது பன்னிரண்டு செய்முறைகள் செய்து, அந்த நிலையத்தின் ஆசிரியர் உங்கள் திறமையை உறுதிப்படுத்த வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு இது இரண்டு வருட வகுப்பில் தானாக நடந்துவிடும். வெளியில் இருந்து எழுதும் எங்களுக்கு அப்படி நடக்காது. நான் இரண்டு பாடங்களுக்கும் எண்ணூறு பவுண் அளவில் கட்டி வாங்கிய தபால்வழிப் படிப்பின் விளம்பரத்தில் 'ஏ லெவலுக்குத் தேவையான அனைத்தும்' என்று இருந்தது. செய்முறைச் சான்று அந்த 'அனைத்தும்' என்பதற்குள் வராது என்பது பணம் கட்டி, பொதி வந்து, மூன்றாவது அலகைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஆசிரியையிடம் கேட்டேன். "அதை நீங்களே ஒரு நிலையத்தில் ஒழுங்குசெய்ய வேண்டும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சரி, நிலையம் தேடலாம் என்று இறங்கினேன். பக்கத்துப் பாடசாலைகளுக்கு அழைத்தேன். வெளியார் யாரையும் எடுப்பதில்லை என்றார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகளை ஏற்கும் நிலையங்களின் தேடுபொறி ஜேசிகியூ என்ற பரீட்சைச் சபைகளின் கூட்டமைப்பின் இணையத்தளத்தில் இருக்கிறது. அங்கேயிருந்து தொடங்குங்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் நிலையமெல்லாம் விஞ்ஞானச் செய்முறை செய்விப்பதில்லை. செய்விப்பவையும் ஒரு குறிப்பிட்ட சபையின் பாடத்திட்டத்துக்கு மட்டும் செய்யும். என் புத்தகங்கள் ஏக்யூஏ சபைக்கானவை. எழுத்துத்தாளும் செய்முறைச் சான்றும் ஒரே சபையில் இருக்க வேண்டும். லண்டனில் ஒரு தனியார் நிலையம் இரண்டையும் செய்து தருவதாகச் சொல்லி முற்பணம் 450 பவுண் வாங்கியது. 2023 கோடையில் எழுதுவதென்று வேலையிடத்தில் விடுமுறையும் கேட்டு வைத்திருந்தேன். ஜனவரியில் மின்னஞ்சல் வந்தது: போதிய ஆட்கள் சேரவில்லை, இவ்வருடம் ஏக்யூஏ செய்முறை நடத்தவில்லை, முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது. கோடைப் பரீட்சைக்கான பதிவு பெப்ரவரி 21உடன் முடிகிறது. பிந்தினால் தாமதக் கட்டணம் கூடிக்கொண்டே போகும். பல நிலையங்கள் தங்கள் பட்டியலைக் கிறிஸ்மசுக்கு முன்பே மூடிவிட்டன. மதிய உணவு நேரங்களில் வேலையிடத்துப் படிக்கட்டில் இருந்து ஒவ்வோர் இடமாக அழைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு வருடம் முழுதாகப் போனது. அந்த மாதங்களில் எனக்கு வந்த கோபமும் அழுகையும் கொஞ்சமல்ல. மகளுக்குத் தெரியாமல் குளியலறையில் போய் அழுதிருக்கிறேன். படிப்பில் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். சோதனைக்கு இருக்க ஒரு கதிரை கிடைக்காமல் ஒரு வருடம் போனதை ஏற்க முடியவில்லை.

அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பீடத்தின் பதில் முதலில். அடுத்து, செய்முறையும் எழுத்தும் ஒரே இடத்தில் செய்யக்கூடிய பரீட்சை நிலையம். அந்த நிலையம் எந்தச் சபை என்று சொல்கிறதோ, அதற்கேற்ற புத்தகமும் வகுப்பும் கடைசியில். நிலையத்திடம் நான்கு விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: செய்முறை எந்தத் திகதியில், குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் நடத்துவார்கள், நடக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பி வருமா, சான்றுக்கான கட்டணமும் பரீட்சைப் பதிவுக் கட்டணமும் தனித்தனியா. தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள். செப்டெம்பரிலேயே இதைச் செய்துவிட்டால் நல்லது.

இறுதியில் லெஸ்டரில் ஒரு நிலையம் கிடைத்தது. இரண்டு பாடச் செய்முறைக்கும் சேர்த்து 2,200 பவுண். 2024 வசந்தகாலத்தில் அங்கே தங்கிச் செய்தேன். என்னோடு நின்றவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து படிக்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதல்நாள் காலை நியமிப்பு (டைற்றேஷன்). அளவுக்கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டை முதலில் தண்ணீராலும் பிறகு நிரப்பப்போகும் கரைசலாலும் கழுவவேண்டும். நிரப்பியதும் புனலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து ஒரு துளி விழுந்து அளவு பிழைக்கும். குழாயின் அடியில் நிற்கும் காற்றுக் குமிழைத் திறந்துவிட்டுப் போக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் இடக்கையால் அதன் திறப்பைத் திருப்பிக்கொண்டு வலக்கையால் குடுவையைச் சுழற்றும்போது கை நடுங்கியது. வெள்ளை ஓட்டின் மேல் வைத்த குடுவையில், ஒவ்வொரு துளி விழும்போதும் இளஞ்சிவப்பு வந்து சுழற்றியவுடன் மறையும். மறையாமல் நிற்கும் அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும். முதல்முறை கடும் சிவப்பாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பையன், "முதலாவது சும்மா பார்க்கத்தான் ஆன்ரி, அதை எண்ணமாட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பின்னர் வந்த அளவுகள் 0.10 கன சென்ரிமீற்றருக்குள் ஒத்துவந்தபோது மனம் நிறைந்தது. மறுநாள் ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்த்தோம். இடது இதயவறைச் சுவரின் தடிப்பை விரலால் தொட்டபோது, இதுவரை பட்ட பாடு வீணில்லை என்று பட்டது.

செய்முறைக்குப் போகுமுன் அந்தப் பன்னிரண்டையும் எழுதிப் பழகிவிட்டுப் போங்கள். சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார்கள், நின்று விளங்கப்படுத்த நேரமிருக்காது. குறிப்புப் புத்தகத்தை அன்றன்றே நிரப்புங்கள், அதுதான் அத்தாட்சி. எழுத்துத்தாள்களிலும் குறைந்தது 15 வீதப் புள்ளி செய்முறை அறிவுக்கு என்பதால் இந்த நாட்கள் அங்கேயும் கைகொடுக்கும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மகள் படுத்த பிறகு இரவு ஒன்பதிலிருந்து, ஞாயிறு காலையில் நூலகத்தில். இரசாயனவியலில் குறைந்தது 20 வீதப் புள்ளி கணிதம் சார்ந்தது; கணக்கியல் படித்தவளுக்கு அது பயமாக இல்லை. சேதன இரசாயனவியலில் இலத்திரன் நகர்வதைக் காட்டும் வளைந்த அம்புக்குறிகள்தான் வதைத்தன. உயிரியலில் இன்னொரு சிக்கல். விளங்கியதை விளங்கியபடி எழுதினால் புள்ளி வராது. நீர் 'அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து' நகர்கிறது என்று எழுதினால் சரியாகாது. நீர் அழுத்தம் (ஆங்கிலத்தில் வோட்டர் பொட்டென்ஷியல்) கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு என்று எழுத வேண்டும். நொதியம் வெப்பத்தில் 'செத்துப்போனது' என்றால் பூச்சியம். இதைப் புள்ளியிடும் திட்டங்களில்தான் படிக்கலாம்; பழைய வினாத்தாளோடு சபைகளே அவற்றையும் இலவசமாக வெளியிடுகின்றன. ஒரு பாடத்தை முழுதும் படித்து முடித்துவிட்டுப் பிறகு வினாத்தாள் செய்யலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு அலகு முடிந்ததும் செய்யுங்கள். ஏக்யூஏ உயிரியல் மூன்றாம் தாளில் 25 புள்ளிக்கு ஒரு கட்டுரை வரும். அதற்குப் பாடம் முழுவதையும் இணைத்து எழுதப் பழக வேண்டும், ஆகவே ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

வேலையை வாரத்துக்கு நான்கு நாளாகக் குறைத்தேன். சம்பளத்தில் ஐந்திலொன்று போனது. நான் கேட்டபோது மேலாளரின் நல்ல மனதால் கிடைத்தது. 2024 ஏப்ரல் 6இலிருந்து வேலையில் சேர்ந்த முதல்நாளிலேயே நேரமாற்றம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் மறுத்தால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பாடத்துக்கும் ஆறு தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். அவை பல வாரங்களுக்குப் பரந்து கிடக்கும். ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து விடுமுறை எடுக்க முடியாது. லெஸ்டரில் எழுதியதால் தாளுக்கு முதல்நாள் இரவே போய்த் தங்கினேன். ரயிலை நம்பிக் காலையில் புறப்படும் துணிவு வரவில்லை.

ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை பெறுபேறு. உயிரியல் ஏ. இரசாயனவியல் பி. செய்முறை இரண்டும் சித்தி. நான் விரும்பிய பீடங்களுக்கு பி போதாது. அம்மா கேட்டார், "இனி விடுவியோ?" என்று. விடுவதைப் பற்றி உண்மையிலேயே யோசித்தேன். கணவரும் நானும் இரவு முழுக்கக் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கில் எங்களைக் காப்பாற்றியது ஒரு விதி: மறுபடி எழுதும்போது செய்முறைச் சான்றைக் கொண்டுபோகலாம், திரும்பச் செய்யத் தேவையில்லை. ஆனால் பாடத்தின் மூன்று தாள்களையும் எழுத வேண்டும், பிழைத்த தாளை மட்டும் எழுத இயலாது. ஆயிரம் பவுணுக்கு மேல் திரும்பக் கட்டவேண்டியதில்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. செய்முறை நிலையம் தந்த உறுதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த நிலையம் கேட்கும். மறுபடி எழுதுவதை எந்தப் பீடம் ஏற்கும் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால், எங்கே விண்ணப்பிப்பதென்பதில் குழப்பம் இருக்கவில்லை.

விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் யூகாஸ் அமைப்பு வழியாக. மிருக வைத்தியத்துக்கு ஒக்டோபர் 15 மாலை ஆறு மணியோடு கதவு மூடும். மற்றப் படிப்புகளுக்கான ஜனவரித் திகதியை நம்பியிருக்காதீர்கள். மிருக வைத்தியத்துக்கு நான்கு இடங்கள் மட்டும் தெரியலாம், ஐந்தாவதை வேறு பாடத்துக்கு வைக்கலாம். பாடசாலை இல்லாதவர்களுக்கு இங்கே இன்னொரு தடை: சிபாரிசுக் கடிதம் யார் எழுதுவது, எதிர்பார்க்கும் தரத்தை யார் சொல்வது. என் தபால்வழி ஆசிரியை ஒரு மாதிரிப் பரீட்சைக்குத் தனியாகக் காசு வாங்கிப் புள்ளியிட்ட பிறகுதான் எழுதினார். கோடையிலேயே கேட்டு வையுங்கள். 2026 நுழைவிலிருந்து சுயவிபரக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய மாதிரிக் கட்டுரைகளை அப்படியே பார்த்து எழுத வேண்டாம்.

வேலை அனுபவமும் கேட்பார்கள், மிருக வைத்தியசாலையிலும் அதற்கு வெளியே பண்ணை போன்ற இடங்களிலும். வைத்தியசாலைகளுக்கு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் பதில் வராது. நேரில் போய், வரவேற்பில் நிற்பவரிடம் அறிமுகக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. பண்ணை அனுபவத்துக்கு ஆடுகள் ஈனும் வசந்தகாலம் சிறந்தது, அந்த நேரம் பண்ணைகளுக்குக் கை போதாது. கென்றில் ஒரு குடும்பப் பண்ணையில் இரவு முறையில் நின்றேன். குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியில் அயடின் பூசி, தாய்க்கு முன்னால் வைத்துவிட்டு விலக வேண்டும். கடும்புப் பாலை முதல் சில மணித்தியாலங்களுக்குள் குட்டி குடித்தேயாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதன் வழியாகத்தான் வருகிறது. எழும்ப மாட்டாத ஒரு குட்டியை மடியில் வைத்து, வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பாலூட்டக் காட்டித் தந்தார் பண்ணைக்கார அம்மா. பெண்களுக்கு ஒன்று: கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், ஈனும் ஆடுகளுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கருவைப் பாதிக்கும் கிருமிகள் அவற்றிடமிருந்து தொற்றும். கணவர் பண்ணையில் நின்ற உடுப்போடு வீட்டுக்கு வந்தாலும் கவனம் வேண்டும். எங்கே, எந்தத் திகதியில், என்ன பார்த்தீர்கள் என்று அன்றன்றே எழுதி, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நேர்முகத்தில் என்னிடம் கேட்டவற்றில் பாதி அந்தக் கொப்பியிலிருந்துதான் வந்தது.

2025 பெப்ரவரியில் ஓரிடம் நிபந்தனையோடு இடம் தந்தது. சந்தோசத்தில் மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அடுத்த இடி. இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவருக்கு இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கற்பித்தல் கட்டணக் கடன் கிடையாது. எந்த நாட்டுப் பட்டமென்றாலும் சரி. மிருக வைத்தியத்துக்கு வாழ்க்கைச் செலவுக் கடன் கிடைக்கலாம், ஆனால் கட்டணம் கைக்காசு. 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண். ஐந்து வருடப் படிப்பு என்றால் ஐம்பதாயிரத்தை நெருங்கும். பட்டதாரிகளுக்கான நான்கு வருட விரைவுப் படிப்பு சில இடங்களில் உண்டு. அதற்கு விஞ்ஞானப் பட்டம் கேட்பார்கள், கட்டணமும் வேறாக இருக்கலாம். இதை முதல் நாளே தெரிந்திருந்தால் மூன்று வருடமாகச் சேமித்திருப்போம். தபால்வழிப் படிப்பு, போன முற்பணம், செய்முறை, பதிவுக் கட்டணங்கள், லெஸ்டர் பயணம், தங்கல் என்று அதுவரை ஆறாயிரம் பவுணுக்குக் கிட்ட முடிந்திருந்தது. வேலைநாளைக் குறைத்ததால் போன சம்பளம் அதில் சேரவில்லை. கணவரின் அக்காவின் காசும், நாங்கள் வீடு பெருப்பிக்க வைத்திருந்த காசும் முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். மற்ற வருடங்களுக்கு விடுமுறையில் கணக்கு வேலை செய்கிறேன். ஏற்கெனவே பட்டம் உள்ளவர்கள் மாணவர் கடன் அலுவலகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் புத்தகத்தை வாங்குங்கள். புடாபெஸ்ட், கொஷிட்சே போன்ற ஐரோப்பிய நகரங்களில் ஆங்கிலத்தில் இதே படிப்பு இருக்கிறது. அங்கே போவதற்கும் இங்கத்தைய மாணவர் கடன் வராது, குடும்பத்தோடு இருப்பவருக்கு அது வேறு கணக்கு.

அந்தக் கோடையில் மறுபடி எழுதிய இரசாயனவியலில் ஏ வந்தது. இப்போது என் வகுப்பில் என்னைவிட வயது கூடியவரும் ஒருவர் இருக்கிறார். படிப்பின் விடுமுறைகளில் பல வாரங்கள் பண்ணைகளிலும் வைத்தியசாலைகளிலும் நிற்க வேண்டும். அவை பஸ் போகாத இடங்கள், விடியப்புறம் ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். கார் ஓட்டத் தெரியாதவர்கள் ஏ லெவல் படிக்கும் காலத்திலேயே பழகி அனுமதிப்பத்திரம் எடுங்கள். சிறு பிள்ளை உள்ளவர்கள் அந்த வாரங்களுக்கு யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் வரும் ஈஸ்ரர் விடுமுறைக்கு அம்மா ஊரிலிருந்து வருகிறார். விசாவுக்குப் போட்டிருக்கிறோம்.